அஷ்டமியால் நீண்ட வாரத்தில் கேட்ட ஜாஸ்

என் மனைவியின் கழுத்தில் ஒரு கட்டி இருப்பதை முதலில் கவனித்தவர் எங்கள் பல் மருத்துவர். பல்லுக்குப் போனவளைக் கழுத்துக்கு அனுப்பிவைத்தார். கழுத்தைப் பார்த்த மருத்துவர் ஊசியால் குத்திக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றார். புற்றா இல்லையா என்பது அன்றைக்குத் தெரியும். அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. "என்னன்னு பாத்துரலாம்" என்றார். வருவாய்த் துறையிலேயே முடி நரைத்தவன் நான். ஓர் அதிகாரி ஒரு சொல்லைச் சுற்றிக்கொண்டு போகிறார் என்றால் அதற்கு என்ன பொருள் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த நாட்களில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், வீட்டிலிருக்கும் ஜாஸ் இசைத்தட்டுகளை எடுத்துக் கேட்டதுதான். உருப்படி என்பதுகூட மிகை. எதையும் முழுதாகக் கேட்கவில்லை. ஆனாலும் எந்தத் தட்டு கேட்கத் தகுந்தது என்று யாராவது இப்போது கேட்டால், இசை விமரிசகர்களின் பேச்சைவிட என் பேச்சுக்கு மதிப்பு அதிகம் என்பேன். அவர்கள் நிம்மதியாக உட்கார்ந்து கேட்டு எழுதுகிறார்கள். நிம்மதியாக இருப்பவனுக்கு மிக்சி ஓடுகிற சத்தமும் நன்றாகத்தான் இருக்கும்.

தாலுகா ஆபிஸ்காரன் வீட்டில் ஜாஸ் எப்படி வந்தது என்று கேட்பார்கள். மதுரையில் கல்லூரியில் படிக்கும்போது எங்களுக்கு ஆங்கிலம் நடத்திய வெளிநாட்டு ஆசிரியர் ஊருக்குத் திரும்பும் சமயத்தில், எடை அதிகமென்று ஒரு பெட்டியை விட்டுவிட்டுப் போனார். வகுப்பில் அதைத் தூக்கும் அளவுக்குத் தெம்பாக இருந்தவன் நான் என்பதால் என்னிடம் வந்தது. ரசனைக்காக வந்ததாகப் பிற்காலத்தில் நானே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு சென்னைக்கு ஆய்வுக் கூட்டங்களுக்குப் போகும்போதெல்லாம் பழைய தட்டுக் கடைகளில் பொறுக்கினேன். ஆய்வுக் கூட்டங்களால் மக்களுக்கு ஏதாவது பயன் இருந்ததா தெரியாது. எனக்கு இருந்தது.

வீடு பரவைக்குப் பக்கத்தில், திண்டுக்கல் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் லாரிகள் குலுங்கும்போது வீட்டுத் தரையும் குலுங்கும். முள் தாவிவிடக் கூடாதென்று, தட்டு ஓடும் கருவியை ஒரு கறுப்புக் கிரானைட் பலகையின்மேல் வைத்திருக்கிறேன். மேலூரில் வேலை பார்த்தபோது வாங்கிய கல். குவாரிகள் நிறைந்த ஊரில் வேலை பார்த்த ஓர் அதிகாரி கிரானைட்டை எப்படி வாங்கியிருப்பான் என்று புன்னகைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ரசீது இருக்கிறது.

ஊசி போட்டு வந்த மறுநாள் காலையில், பியானோ, டிரம்ஸ், ஆளுயரத்துக்கு நிற்குமே அந்தப் பெரிய வயலின், இந்த மூன்றும் மட்டும் வாசிக்கும் தட்டு ஒன்றைப் போட்டேன். பியானோக்காரர் வாசித்துக்கொண்டே முனகுவார். வாயில் ஒரு மெட்டு, விரலில் வேறொன்று. இரண்டும் ஒன்றை ஒன்று துரத்தும். சில இடத்தில் முனகல் முந்திவிடும், விரல்கள் பின்னாலேயே ஓடி வரும். நல்ல தட்டு. வழக்கமாக நான் அந்த முனகலுக்காகவே காத்திருப்பேன். அன்றைக்கு முதல் முனகல் வந்ததும் எழுந்து மோட்டார் போடப் போனேன். தொட்டியில் தண்ணீர் நிறைந்துதான் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். கேட் தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று பார்க்கப் போனேன். பட்டப்பகலில் கேட்டுக்குத் தாழ்ப்பாள் எதற்கு என்ற கேள்வி கேட்டருகே நின்றபோதுதான் வந்தது.

பணியில் இருந்த காலத்தில் ஒரு தட்டின் ஒரு பக்கத்தைக்கூடத் தொடர்ந்து கேட்க வாய்த்ததில்லை. யாராவது போன் பண்ணுவார்கள், எங்கேயாவது கண்மாய் உடையும், அமைச்சர் வருவார். ஓய்வு பெற்றதும் எல்லாவற்றையும் ஆற அமரக் கேட்பதாகத் திட்டம். இப்போது கண்மாய் உடைந்தால் வேறு யாரோ ஓடுகிறார்கள். நான் என் வீட்டுக்குள்ளேயே ஓடுகிறேன்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் சும்மா உட்கார்ந்திருப்பது என் சுபாவத்துக்கு ஒத்துவரவில்லை. எந்த அலுவலகத்திலும் ஒரு காரியத்தை முன்னே நகர்த்த ஒரு வழி இருக்கும். அது யாருடைய மேசை வழியாகப் போகிறது என்று தெரிந்துகொண்டால் போதும். என்னிடம் முன்பு வேலை பார்த்தவர் ஒருவரின் தங்கை, அந்த மருத்துவமனையில் டோக்கன் போடும் இடத்தில் இருந்தார். இரண்டு போன்தான் பேசினேன். வெள்ளிக்கிழமை புதன்கிழமை ஆனது. ஓய்வுக்குப் பின்னும் கை நீளமாகத்தான் இருக்கிறது என்ற பெருமிதத்தோடு சமையலறைக்குப் போய்ச் சொன்னேன்.

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலேயே கேட்டாள்:

"காலண்டரப் பாத்தீகளா?"

"எதுக்கு?"

"புதன்கிழமை அஷ்டமி."

நில உச்சவரம்புச் சட்டத்தின் பிரிவுகள் எனக்கு மனப்பாடம். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் தாள் கிழிப்பதோடு சரி, அதற்குமேல் எதையும் படித்ததில்லை.

"ரிசல்ட்டு இந்நேரம் வந்துருக்கும். அஷ்டமின்னா அது மாறிருமா?" என்றேன்.

"மாறாதுல்ல? அப்புறம் எதுக்கு அவசரம்?"

மேல்முறையீடு செய்யாமல் ஒரு நாள் தள்ளிப் பார்த்தேன்.

"சரி, வியாழக்கிழமை?"

"நவமி."

"அப்ப வெள்ளிக்கிழமையே போவோம்."

"அதத்தான அந்த டாக்டரு மொதல்லயே சொன்னாரு."

மறுபடி போன் பண்ணினேன். வெள்ளிக்கிழமைக்கு நாங்கள் விட்ட இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். மருத்துவர் சனிக்கிழமை சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் போகிறார். திரும்பி வந்ததும் இடம் இருப்பது அடுத்த வியாழக்கிழமைதான். "சார், நீங்க மொதல்லயே அப்பிடியே விட்டுருந்தா…" என்று அந்தப் பெண் இழுத்தார். மேலே இருக்கும் கோப்பை இன்னும் மேலே வைக்கப் போய் அது கட்டின் அடியில் சொருகிக்கொள்வதை நான் அலுவலகங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோப்பில் என் வீட்டுப் பெயர் இருந்தது இதுதான் முதல் தடவை.

ஆக, கைக்கு வந்த நாட்களை என் திறமையால் இரட்டிப்பாக்கிக்கொண்டேன். என் மனைவியோ இதையெல்லாம் சட்டை செய்யாமல், மாடியில் வெயிலில் வத்தல் போட ஆரம்பித்தாள். கொத்தவரங்காய், மணத்தக்காளி, சுண்டை, மோர் மிளகாய் எல்லாம். மாடி முழுக்கப் பழைய வேட்டிகள் விரிந்தன. நான் படியேறிப் பார்த்துவிட்டுக் கேட்டேன்:

"இம்புட்டு எதுக்கு? நம்ம ரெண்டு பேருதான?"

"வெயிலு இருக்குல்ல. இருக்கும்போது போட்டுக்கிற வேண்டியதுதான்."

வெயில் இருக்கும்போது என்று அவள் சொன்னதை நான் வெயில் என்று எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வருஷத்துக்குப் போதுமான வத்தலை, சமைக்கத் தெரியாத ஒருவனுக்காகப் போட்டு வைத்துவிட்டுப் போகிறாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. கீழே இறங்கி வந்து, இருப்பதிலேயே சத்தமான தட்டாகத் தேடி எடுத்தேன்.

அது ஒரு சாக்சபோன் தட்டு. சாக்சபோனும் டிரம்சும் மல்லுக்கு நிற்பதுபோல் இருக்கும். மூச்சு விடாமல் ஒரே வாக்கியத்தைப் பத்து விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்பார் அந்த மனிதர். அது ஓடிக்கொண்டிருக்கும்போது என் மனைவியின் அண்ணன் வந்தார். டி. கல்லுப்பட்டிப் பக்கம் விவசாயம் செய்பவர். ஒரு பை நிறைய முருங்கைக்காயும் நாட்டு முட்டையும் கொண்டுவந்திருந்தார். தங்கச்சியைப் பார்க்க வந்தேன் என்று சொல்லாமல், மார்க்கெட்டில் ஒரு ஜோலி என்றார். அந்த நேரத்தில் மார்க்கெட்டில் யாருக்கும் ஜோலி இருக்காது.

நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டார்.

"மாப்ள, இந்த ஆளு என்னதான் சொல்ல வாராரு?"

"ஒண்ணும் சொல்லல. வாசிக்கிறாரு."

"இல்லையே. சொன்னதையே சொல்லிக்கிட்டு இருக்காரே. பட்டா மாத்த அலையிற ஆளு மாதிரில்ல இருக்கு. உங்க ஆபிசுக்கு நான் அலைஞ்சப்ப இப்பிடித்தான் பேசிக்கிட்டுத் திரிஞ்சேன்."

"கெடச்சதுல்ல?"

"கெடச்சது. நீங்க மாறுதலாகிப் போனதுக்கு அப்பறம்."

உள்ளேயிருந்து என் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. இந்தத் தட்டைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பதில் வராத ஒரு மனுவை விடாமல் கொடுத்துக்கொண்டே இருக்கும் மனிதர் அவர். இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஓரிடத்தில் திடீரென்று குரல் தணிந்து, யாரிடமும் இல்லாமல் தனக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும். அதற்காக மட்டுமே அந்தத் தட்டை வைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு அந்த இடம் வந்தபோது நான் மைத்துனரை வழியனுப்பக் கேட்டருகே நின்றுகொண்டிருந்தேன்.

அவர் வண்டியைக் கிளப்பாமல் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்:

"மாப்ள, எதுவா இருந்தாலும் மொதல்ல எங்கிட்டச் சொல்லிருங்க. அவகிட்ட ஒடச்சுச் சொல்லிராதீக."

"எனக்குக் காது நல்லாத்தாண்ணே கேக்குது!" என்றாள் அவள் மாடியிலிருந்து. "கழுத்துலதான் ஏதோ!"

அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அஷ்டமி, நவமி எல்லாம் ஒருவழியாகக் கழிந்தன. சனிக்கிழமை காலை, இருப்பதில் மிக மெதுவான தட்டைப் போட்டால் மனசும் மெதுவாகுமோ என்று ஒரு எண்ணம். டிரம்பெட் தட்டு. அட்டை முழுக்க நீலம், ஒரு மூலையில் மட்டும் ஒரு மனிதனின் முதுகு. வேறு யாரும் துணைக்கு வராத மாதிரி டிரம்பெட் தன்னந்தனியாக ஆரம்பித்து நீட்டி நீட்டி இழுக்கும். ஜன்னல்களைத் திறந்துவைத்துச் சத்தத்தையும் கூட்டிவைத்தேன்.

மதுரைக்காரர்களுக்கு இந்த இடத்தில் நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊரில் டிரம்பெட் இப்படி மெதுவாக இழுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சாவு வீட்டுக்குப் பேண்டு செட் வந்துவிட்டது, பாடைத் தேர் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் கொஞ்ச நேரத்தில் எடுத்துவிடுவார்கள். எங்கள் தெருவில் எல்லாருக்கும் என் மனைவி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தது தெரியும். இரண்டையும் கூட்டிப் பார்க்க எம்புட்டு நேரமாகும்?

எதிர்வீட்டு அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முகத்தை அழுகைக்குத் தயாராக வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். ஒருவர் கையில் செம்பு.

"ஏண்ணே… எப்பண்ணே? நேத்து சாயங்காலங்கூட மாடில பாத்தேனே!"

எனக்கு விளங்கச் சில விநாடிகள் ஆயின. விளங்கியதும் பெட்டியை நிறுத்த உள்ளே திரும்பினேன். நான் முகத்தை மறைத்துக்கொள்வதாக நினைத்து அந்த அம்மா ஓவென்று ஆரம்பிக்கப் போகும் சமயத்தில், கையில் முருங்கைக்காயோடு என் மனைவி வெளியே வந்தாள்.

"என்னக்கா, யாருக்கு என்ன?"

அந்த அம்மா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே அழுதுகொண்டிருந்த டிரம்பெட்டின் பக்கம் பார்த்தார்.

"இல்ல… பேண்டு சத்தம் கேட்டுச்சு…"

"ஓ, அதுவா. இவுக பொட்டி. நான் இருக்கும்போதே ஒரு தடவ வாசிச்சுப் பாத்துக்கிறாகக்கா. அன்னைக்கிச் சொதப்பிறக் கூடாதுல்ல?"

வாசலில் எல்லாரும் சிரித்தார்கள். செம்பு வைத்திருந்தவர் முருங்கைக்காய் எந்த ஊர்க் காய் என்று கேட்டார். என் மனைவி ஆளுக்கு நாலு கொடுத்து அனுப்பினாள். நான் உள்ளே போய் முள்ளைத் தூக்கித் தட்டை உறையில் போட்டு, அலமாரியின் கடைசியில் செருகினேன். அந்தத் தட்டு கேட்கத் தகுந்ததா என்றால், சந்தேகமில்லாமல் தகுந்தது. என்னிடமிருப்பதில் அதைவிட அழகானது இல்லை. ஆனால் மதுரையில் கேட்பவர்கள் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கேட்கவும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் பாடும் தட்டு. கிட்டாரைத் தவிர வேறு துணையில்லை. அவர் பாடுவதைவிட விட்டுவிட்டுப் பாடும் இடைவெளிகள் நன்றாக இருக்கும். என் மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "இவ எதுக்கு இம்புட்டுச் சலிச்சுக்கிறா? வீட்டுல மாமியா இருப்பா போல" என்றாள். நான் சிரித்தேன். சிரித்த கையோடு எழுந்து போய்ப் போனில் சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தேன். மருத்துவமனையிலிருந்து யாரும் கூப்பிடப் போவதில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த வாரத்தில் அதிக நேரம் என்னைப் பிடித்து உட்காரவைத்தது, இசைக்காக யாரும் சிபாரிசு செய்யாத ஒரு தட்டு. ஏதோ ஒரு சாப்பாட்டு விடுதியில் வாசித்ததை அப்படியே பதிவு செய்தது. தட்டுச் சத்தம், கரண்டிச் சத்தம், யாரோ இருமுவது எல்லாம் உண்டு. பெரிய வயலின் தனியாக வாசிக்கும் அருமையான இடத்தில் ஒருவன் தன் மேசைக்காரனிடம் சத்தமாக எதையோ சொல்லிக்கொண்டிருப்பான். சொல் விளங்காது. முக்கியமான விஷயம் என்று மட்டும் குரலிலிருந்து தெரியும். முன்பெல்லாம் அவன்மேல் எனக்கு ஆத்திரமாக வரும். இந்தத் தடவை அவன்தான் அந்தத் தட்டில் எனக்குப் புரிந்த ஆள். அவனுக்கும் ஏதோ ஒன்று நிலுவையில் இருந்திருக்கிறது. பாட்டு பாட்டுக்குப் போகட்டும் என்று அதைப் பேசிக்கொண்டிருக்கிறான். அந்த இடத்தை மறுபடி மறுபடி போட்டேன்.

வியாழக்கிழமை வந்தது. காலண்டரை அவளே பார்த்து, நல்ல நேரத்தில் கிளம்பினோம். ராகு காலத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்து, அது முடியும்வரை வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, பிறகு உள்ளே போனோம். மருத்துவர் கணினியைப் பார்த்தார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், மறுபடி கணினியைப் பார்த்தார்.

"கெட்ட கட்டி இல்லம்மா. பயப்பட ஒண்ணுமில்ல. வருஷத்துக்கு ஒரு தடவ ஸ்கேன் பண்ணிப் பாத்துக்கலாம்."

"ஒண்ணுமில்லைன்னா," என்றேன் நான், "இப்போதைக்கு ஒண்ணுமில்லையா, மொத்தத்துக்கே ஒண்ணுமில்லையா? அது எழுத்துல இருக்கா?"

"டாக்டர், இவுகளுக்கு எல்லாத்துக்கும் ஆர்டர் காப்பி வேணும்" என்றாள் அவள். "என்னையக் கட்டுனதுக்கே இன்னும் சான்றொப்பம் கேட்டுக்கிட்டு இருக்காக."

மருத்துவர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். வெளியே வந்ததும் மைத்துனருக்குப் போன் போட்டேன். அவர் டிராக்டரை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு "சரி மாப்ள, வாரேன்" என்றார். வருவதாகச் சொன்னாரா, போனை வைக்கிறேன் என்றாரா தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் அவள் கூடத்துச் சோபாவில் படுத்தாள். "ஏதாவது போடுங்க, அழுகாத ஐட்டமா" என்றாள். கைக்கு வந்ததை எடுத்தேன். நாலைந்து பேர் சேர்ந்து வாசிப்பது, டிரம்சைக் குச்சியால் அடிக்காமல் பிரஷால் தேய்ப்பார்கள். அரிசி களைகிற மாதிரி சத்தம் வரும். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் தூங்கிப்போனாள். சாதாரணத் தூக்கமில்லை. வாய் திறந்து, ஒரு கை தரையில் தொங்க, ஆஸ்பத்திரிக்குக் கட்டிப்போன சேலையைக்கூட மாற்றாத தூக்கம். வாரம் முழுவதும் காலையில் "நல்லாத் தூங்குனேன்" என்று அவள் சொன்னதெல்லாம் எவ்வளவு உண்மை என்று அப்போது தெரிந்தது. வத்தல் போட்டதும் வாசலில் விட்ட நக்கலும் நான் பயப்படக் கூடாதென்று எனக்காகத்தான். நான் மோட்டாரைப் பார்க்க ஓடியபோதெல்லாம் அவள் எங்கேயும் ஓடாமல் விழித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

தட்டு முடிந்தது. என்னுடைய கருவி பழையது. முடிந்ததும் முள் தானாகத் தூக்கிக்கொள்ளாது. கடைசி வெற்று வளையத்தில் டொக்கு, டொக்கு என்று சுற்றிக்கொண்டே இருக்கும். முள் தேயும் என்பதால் எழுந்து போய்த் தூக்கினேன்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"ஏன் நிறுத்துனீக?"

"பாட்டு முடிஞ்சு ரொம்ப நேரமாச்சு. நீ தூங்கிட்ட."

"எங்க தூங்குனேன்? கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். கடைசில டொக்கு டொக்குன்னு ஒண்ணு வந்துச்சே, அது நல்லா இருந்துச்சு."

"அது பாட்டே இல்ல. முள்ளு காலியா ஓடுற சத்தம்."

"இருக்கட்டும். இத்தன வருஷத்துல உங்க பொட்டில எனக்குப் பிடிச்சது அது ஒண்ணுதான். போடுங்க."

முள்ளை வெற்று வளையத்தில் ஓடவிடக் கூடாது என்பது தட்டு வைத்திருப்பவர்களின் முதல் விதி. புதிய முள் மதுரையில் கிடைக்காது. வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும். நான் முள்ளைத் தூக்கி, நடுவிலிருக்கும் வட்டக் காகிதத்தை ஒட்டினாற்போல மெதுவாக வைத்தேன், தேய்ந்தால் தேயட்டும். டொக்கு, டொக்கு கேட்டதும் அவள் முகத்தைச் சோபாவின் உட்பக்கம் திருப்பிக்கொண்டு மறுபடி தூங்கப் போனாள்.